சின்னப் பணமும் சங்கப் பொருளாளரும்



பெக்கான் நானாஸ் பெரிய பட்டணம் அல்ல. பொந்தியான் மாவட்டத்துச் சதுப்பு மண்ணில் அன்னாசி போட்டு, அந்த அன்னாசியின் பெயரையே தாங்கி நிற்கும் ஊர். இப்படிப்பட்ட ஊர்களில்தான் சங்கங்கள் அதிகம் தேவைப்படுகின்றன, சங்கங்களை நடத்துவதும் இங்கேதான் சிரமம். கோயில் நிர்வாகம், இளைஞர் மன்றம், பந்து விளையாட்டுக் குழு, முன்னாள் மாணவர் அமைப்பு, மரண சகாய நிதி எதுவானாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் போக்கு ஒன்றுபோலவே இருக்கும். தலைவர் பதவிக்குப் போட்டி இருக்கும். செயலாளர் பதவிக்கு ஓரளவு இருக்கும். பொருளாளர் என்று வந்தவுடன் மண்டபம் அமைதியாகிவிடும். கடைசியில், எழுந்து போகத் தாமதித்த ஒருவரை, “கைசுத்தமான மனிதர்” என்ற ஒரே தகுதியைச் சொல்லி முன்மொழிந்து, வழிமொழிந்து, கைதட்டி உட்கார வைத்துவிடுவார்கள். அதோடு பணத்தைப் பற்றிய கவலை தீர்ந்ததாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

கைசுத்தம் வேண்டும்; அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பொருளாளரைப் பெட்டிக்குக் காவல்காரராக மட்டும் பார்ப்பது அந்தப் பதவியைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. பெட்டிக்குள் பணம் எந்த வழியாக வருகிறது, யாரிடமிருந்து வருகிறது என்பதில்தான் ஒரு சங்கம் யாருடையது என்பது தீர்மானமாகிறது என்பது என் வாதம். அந்த வழியைத் திறந்து வைப்பவர் பொருளாளர். ஆகவே அவர் தம் நேரத்தில் பெரும்பகுதியைச் சங்கத்துக்கு வரும் மிகச் சிறிய தொகையான உறுப்பினர் சந்தாவின் மேல் செலவிட வேண்டும். ஆண்டுக்கு 12 வெள்ளியோ 24 வெள்ளியோ வருகிற சந்தாவுக்கு இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பு சங்கம் ஆகிறது. பதிவு பெற்ற சங்கம், பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இப்போது அது இணையம் வழியாகவே போகிறது. பெரும்பாலான பொருளாளர்களுக்கு அவர்கள் பொறுப்பு இதோடு முடிந்ததாக எண்ணம். ஆனால் பதிவிலாகா காட்டும் மாதிரி அமைப்பு விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரியும். பொருளாளர் கையில் ரொக்கமாக எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேற்பட்டதை ஏழு நாளுக்குள் வங்கியில் போட்டுவிட வேண்டும். காசோலையில் அவர் ஒருவர் கையெழுத்துப் போதாது. ஒரு தொகைக்கு மேல் செலவழிக்கச் செயலவையின் ஒப்புதல், இன்னும் பெரிய தொகைக்குப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். நிர்வாகத்தில் இல்லாத இருவரை உறுப்பினர்களே கணக்காய்வாளர்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இத்தனை கட்டுகளும் மேலிருந்து வரும் அதிகாரியின் கையில் இல்லை, உறுப்பினர் கையில் இருக்கின்றன. அதே விதிகள், சந்தா பாக்கி வைத்த உறுப்பினரின் உரிமைக்கு எல்லை போடுகின்றன. அதாவது கணக்குக் கேட்கும் அதிகாரத்தையும் சந்தா கட்டும் கடமையையும் சட்டம் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறது.

நடைமுறையில் அந்த முடிச்சு எப்படி அவிழ்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சந்தா வசூலிக்க அலைய வேண்டியிருக்கிறது. பழைய தோட்டத்தில் எல்லோரும் ஒரே லயத்தில் இருந்தார்கள். சம்பள நாளில் ஒரு சுற்று வந்தால் வேலை முடிந்தது. இப்போது உறுப்பினர்கள் பல தாமான்களில் சிதறிக் கிடக்கிறார்கள். இரண்டாவது பாலம் 1998இல் திறந்த பிறகு விடியுமுன் சிங்கப்பூருக்குப் புறப்பட்டு இருட்டிய பின் திரும்புகிறவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். ஒரு வீட்டுக்கு மூன்று முறை போய் 12 வெள்ளி வாங்குவதைவிட, ஒரு சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி 3,000 வெள்ளி மானியம் வாங்குவது எளிது. மேடையில் பெரிய மாதிரிக் காசோலையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், செயலவைக்கும் பெருமை. அடுத்த ஆண்டு ஒரு தொழிலதிபர், அதற்கடுத்த ஆண்டு ஒரு விருந்து நிகழ்ச்சி. மூன்று ஆண்டில் சந்தா வாங்குவது வழக்கொழிந்து போகிறது. பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வாக்களிக்கும் தகுதியையும் பார்க்காமல் விடுகிறோம். பிறகு கணக்கு வாசிக்கும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. சாப்பாட்டை எதிர்பார்த்து வந்தவர் ஏன் கேட்கப் போகிறார்? அவர் பணம் அதில் ஒரு காசும் இல்லையே.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. தென்னாப்பிரிக்காவில் 1894 ஆகஸ்டில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியபோது அதன் கௌரவச் செயலாளராக இருந்த இளம் வழக்கறிஞர் காந்தி இதே சுவரில் முட்டிக்கொண்டார். அவர் பொருளாளர் அல்லர், செயலாளர். ஆனாலும் சந்தா வசூல் அவர் தலையில்தான் விழுந்தது. சிறிய சங்கங்களில் இன்றும் அப்படித்தானே. தொடக்கத்தில் மாதம் ஐந்து ஷில்லிங் என்று வைத்தார்கள். ஒரு மாதத்தில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தார்கள். பெயர் கொடுப்பதில் இருந்த உற்சாகம் பணம் கொடுப்பதில் நீடிக்கவில்லை. டர்பனுக்கு வெளியே இருந்தவர்களை மாதாமாதம் தேடிப் போக ஆள் இல்லை. அதனால் மாதச் சந்தாவை ஆண்டுச் சந்தாவாக்கி, குறைந்தது மூன்று பவுன், அதுவும் முன்கூட்டியே என்று மாற்றினார்கள். கொடுத்த ஒவ்வொருவருக்கும் தவறாமல் ரசீது, ஒவ்வொரு காசுக்கும் தெளிவான பதிவு என்பதில் காந்தி பிடிவாதமாக இருந்தார். கணக்கு ஒழுங்காக இல்லாத இடத்தில் உண்மையைக் காப்பாற்ற முடியாது என்பது தன்வரலாற்றில் அவர் சொல்லும் கருத்து. 1894ஆம் ஆண்டுக் கணக்கேடுகள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் காங்கிரஸ் ஆவணங்களில் கிடைக்கும் என்று அவரால் உறுதியாக எழுத முடிந்தது.

இந்தச் சந்தாவை வசூலிக்கப் போன பயணத்தில் நேட்டாலின் டோங்காட் ஊரில் நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். ஆறு பவுன் கொடுக்கக்கூடிய ஒரு வணிகர் மூன்று பவுனுக்கு மேல் முடியாது என்றார். வசூலுக்குப் போனவர்கள் அவர் வீட்டிலேயே சாப்பிடாமல் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். விடியும்போது அவர் மனம் மாறி ஆறு பவுனைக் கொடுத்து விருந்தும் வைத்தார். செய்தி பரவி மற்ற ஊர்களில் வசூல் சுலபமாயிற்று. இப்படி ஒருவர் வீட்டில் பட்டினி கிடந்து பணம் பறிப்பதை எல்லாச் சங்கமும் செய்யலாம் என்று நான் சொல்ல வரவில்லை. இன்று செய்தால் காவல் நிலையத்தில் புகார் வரும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, பொது வேலையின் கணிசமான பகுதி பணம் கேட்டு ஒருவர் முன்னால் உட்காருவதுதான் என்று அவர்கள் ஒத்துக்கொண்டிருந்தார்கள் என்பது. அப்படி உட்காரும்போது எதிரில் இருப்பவர் கேட்காமல் விடமாட்டார்: போன பணம் என்ன ஆயிற்று, இந்தப் பணத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று. சந்தா வசூலுக்குப் போகும் பொருளாளர் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சின்னப் பொதுக்கூட்டத்தை நடத்துகிறார்.

நேட்டால் காங்கிரஸின் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை. வசூல் நன்றாக நடந்ததால் பணம் மிஞ்சியது. நிலையான வருமானம் வேண்டுமென்று சொத்து வாங்கினார்கள்; வாடகை வந்தது; அறக்கட்டளை அமைத்து அதை உறுதியாகவும் கட்டி வைத்தார்கள். காந்தியும் அப்போது அதை ஆதரித்தவர்தான். அவர் அங்கிருந்து வந்த பிறகு அந்தச் சொத்தே சண்டைக்குக் காரணமாகி, வாடகைப் பணம் நீதிமன்றத்தில் தேங்கத் தொடங்கியது. பொது நிறுவனங்கள் நிலைநிதியில் வாழக்கூடாது, ஆண்டுதோறும் மக்கள் தரும் சந்தாவில்தான் வாழ வேண்டும் என்ற எண்ணத்துக்கு அவர் மனம் இந்தச் சண்டைக்கு வெகு முன்பே மாறிவிட்டிருந்தது. சந்தா கிடைப்பதே ஒரு நிறுவனம் மக்களுக்குத் தேவைப்படுகிறது என்பதற்குச் சான்று, மக்கள் ஆதரவு இல்லாவிட்டால் அது நீடிக்கவும் உரிமை இல்லை என்பது அவர் எண்ணம்.

இதில் நான் அவரோடு முழுக்க உடன்படவில்லை. ஒரு சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் இருப்பது குற்றமல்ல. மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த ஓர் இடம் வேண்டும். மரண சகாய நிதிக்கு இருப்பு இல்லாவிட்டால் அது நிதியே அல்ல. எதிர்பாராத செலவுக்கு ஓர் ஆண்டுச் செலவு அளவு வங்கியில் இருப்பது விவேகம். கட்டடத்தின் கீழ்த்தளத்தைக் கடைக்கு விட்டு, அந்த வாடகையில் சங்கம் நடக்கத் தொடங்கும் நாளில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. அன்று முதல் நிர்வாகத்துக்கு உறுப்பினர் தேவையில்லை. உறுப்பினர் தேவையில்லாத நிர்வாகத்துக்குப் புதிய உறுப்பினரைச் சேர்க்காமல் இருப்பதே லாபம். பழைய கூட்டமே பதவியில் தொடரலாம். நம் நாட்டில் சங்கச் சண்டைகள் பலவற்றில் தகராறு வேலைத்திட்டத்தைப் பற்றி இல்லை, சொத்தைப் பற்றி இருப்பதைக் கவனியுங்கள்.

இப்போது என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்றுக்கு வருகிறேன். அதுவும் நேட்டாலிலிருந்தே வருகிறது. ஆண்டுக்கு மூன்று பவுன் சந்தா என்று வைத்தார்களே, அது யாரால் கொடுக்க முடிந்த தொகை? அன்று நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிக்கு முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். ஆறு மாதச் சம்பளம். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பங்கு சென்னை துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள், நம்மவர்கள். முதலாளி அடித்துப் பல் உடைந்து, ரத்தம் வழிய காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்ற பாலசுந்தரம் ஒரு தமிழர். அந்தச் சமயத்தில் காங்கிரஸில் வணிகர்களும் எழுத்தர்களும் இருந்தார்கள், கூலித் தொழிலாளர்கள் இல்லை; சந்தா கட்டி உறுப்பினராக அவர்களுக்கு வசதி இல்லை என்று காந்தியே எழுதுகிறார். அடுத்த ஆண்டு, 1895இல், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாதவர்கள்மேல் நேட்டால் அரசு ஆண்டு வரி விதித்தது. அதுவும் மூன்று பவுன். அரசு அவர்களைத் துரத்துவதற்குத் தேர்ந்தெடுத்த தொகையும் சங்கம் உறுப்பினராவதற்குக் கேட்ட தொகையும் ஒன்றாகிப் போனது தற்செயல்தான். ஆனாலும் ஏழைக்கு இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன.

ஆக, சந்தாவே ஏழையை வெளியே தள்ளும் வேலியாகிவிடாதா என்பது நியாயமான ஆட்சேபம். ஆகும், தொகையைத் தவறாக வைத்தால் ஆகும். இந்தச் சான்று சந்தாவுக்கு எதிரானது என்று நான் எண்ணவில்லை. சங்கம் யாருடையது என்பதைச் சந்தா எவ்வளவு கறாராகத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடப் பலமான ஆதாரம் கிடையாது. மூன்று பவுன் என்று எழுதியவுடன் அது வணிகர் சங்கமாயிற்று. ஷில்லிங்குக்குக் கீழே இறக்கியிருந்தால் வேறு சங்கமாகியிருக்கும். ஆகவே பொருளாளர் செயலவையில் சந்தாத் தொகையைப் பற்றிப் பேசும்போது வரவு எவ்வளவு கூடும் என்று மட்டும் பார்த்தால் போதாது. உறுப்பினராக இருக்க வேண்டியவர்களில் மிகக் குறைந்த வருமானம் உள்ளவரை மனத்தில் நிறுத்தி, அவர் முகம் சுளிக்காமல் தரக்கூடிய தொகையை வைக்க வேண்டும்.

நம் மக்கள் இதை அறியாதவர்கள் அல்ல. விருதுநகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடார் சமூகத்தார் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கியபோது வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பள்ளியை நடத்தினார்கள். காமராசர் படித்த பள்ளி அது. வணிகம் செய்தவர்களிடம் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை; வீட்டுப் பெண்களிடம் உலையில் போடும்போது ஒரு கைப்பிடி. அந்த ஒரு பிடி கொடுத்த வீட்டுக்குப் பள்ளியில் பேச்சு உண்டு. 1950களில் சிங்கப்பூரில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டியபோதும் ஆளுக்கு ஒரு வெள்ளி என்றுதான் கேட்டார். நாலு செட்டியார்களிடம் போனால் காரியம் முடிந்திருக்குமே என்று சொல்லலாம். பணம் சேர்ந்திருக்கும், உண்மை. அந்தத் துறை எங்களுடையது என்று துறைமுகத் தொழிலாளியும் நினைக்கும் நிலை வந்திருக்காது.

மலாயாவில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். 1950களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர்கள் வேலையும் குடியிருப்பும் சேர்ந்தே பறிபோய்த் தெருவுக்கு வந்தார்கள். 1960இல் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டத்தை வாங்குவோம் என்றார். ஒரு பங்கு 100 வெள்ளி. பால் வெட்டுத் தொழிலாளியால் அதை ஒரேயடியாகக் கொடுக்க முடியாது. மாதம் பத்து வெள்ளியாகத் தவணை வைத்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அது கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் வருவது, நம் சங்கங்கள் வேறு சட்டத்தின் கீழ் வருபவை. ஆனாலும் நேட்டாலில் தவறிய இடத்தில் இங்கே தவறவில்லை: தொகையைத் தொழிலாளியின் சம்பள உறையைப் பார்த்து நிர்ணயித்தார்கள்.

சரி, சின்னப் பணம் கொடுத்தவர்கள் கணக்குக் கேட்பார்கள் என்றால் மைக்கா ஹோல்டிங்ஸ் முதலீட்டு நிறுவனத்தில் ஏன் அப்படி நடக்கவில்லை என்று இந்த மண்டபத்தில் யாராவது மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 1980களில் ஏறத்தாழ 66,000 இந்தியர்கள், நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும், பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் அதில் போட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தது கைக்கு வரவில்லை என்பது நாடறிந்த செய்தி. இதைவிடச் சின்ன மனிதர்களின் பணம் வேறு எங்கே கிடைக்கும்? இந்தக் கேள்வி என் வாதத்தைத் திருத்திக்கொள்ள வைக்கிறது. சிறிய தொகையாக இருந்தால் மட்டும் போதாது. அது மீண்டும் மீண்டும் கேட்கப்படும் தொகையாக இருக்க வேண்டும். பங்குப் பணம் ஒருமுறை கைமாறியதோடு சரி. கொடுத்தவர் அதற்குப் பிறகு கூச்சலிடலாம், வழக்குப் போடலாம். கொடுக்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். ஆண்டுச் சந்தாவில், “போன ஆண்டுக் கணக்கைக் காட்டாதவரை இந்த ஆண்டு தரமாட்டேன்” என்று சொல்லும் வாய்ப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் உறுப்பினருக்குத் திரும்பி வருகிறது. ஆயுட்கால உறுப்பினர் என்று ஒரு பிரிவை வைத்து மொத்தமாக 200, 300 வெள்ளி வாங்கிக்கொள்ளும் பழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. பொருளாளருக்கு வசதியான ஏற்பாடு அது. நான் அதை ஒழிக்கச் சொல்வேன். உறுப்பினர் தம் வாயை ஆயுள் முழுவதற்கும் விற்றுவிட்ட மாதிரிதான்.

அடுத்த ஆட்சேபம் மனித இயல்பைப் பற்றியது. பொருளாளர் சம்பளம் வாங்காமல், பெட்ரோலுக்குக்கூடச் சொந்தப் பணத்தைப் போட்டு ஓடுகிறார். அவரிடம் ரசீது எங்கே, வங்கிக் கணக்கு அறிக்கை எங்கே என்று கேட்டால் மனம் நோகாதா? நாளைக்கு யார் இந்தப் பொறுப்புக்கு வருவார்? இது வெறும் சாக்கு அல்ல, உண்மையான சங்கடம். இதற்குப் பதிலாக ஒரு வரலாற்று நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கப்பலோட்டிய வ.உ.சிதம்பரம் பிள்ளை 1912 இறுதியில் சிறையிலிருந்து விடுதலையாகி, வழக்கறிஞர் தொழிலும் பறிபோன நிலையில் வறுமையில் இருந்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று பணம் திரட்டிக் காந்தியிடம் சேர்த்திருந்தார்கள். 1915இல் காந்தி இந்தியா வந்த பிறகு இருவருக்கும் இதைப் பற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்தது. யார் கொடுத்தது, எவ்வளவு என்ற விவரம் காந்தியின் கையில் இல்லை. நேட்டாலுக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. மாதங்கள் ஓடின. பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த வ.உ.சி. கண்ணியம் குறையாமல், ஆனால் விடாமல் எழுதினார். 1916இன் தொடக்கத்தில்தான் விவகாரம் முடிந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா. ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைத் தேடி எடுத்து நூலாகவே எழுதியிருக்கிறார். தலைப்பில் இந்தத் தொகை இருக்கிறது.

இதில் யாரும் மோசம் செய்யவில்லை. ரசீது கொடுக்காமல் ஒரு காசும் வாங்கக்கூடாது என்று இருபது ஆண்டுகளுக்கு முன் டர்பனில் விதி வகுத்தவரே இந்தப் பக்கம் நிற்கிறார். அவருடைய நாணயத்தைச் சந்தேகிக்க எவருக்கும் காரணம் கிடையாது. அந்த நாணயம் எதிர்ப்பக்கத்தில் காத்திருந்தவருக்கு ஒரு மாத அரிசிக்கும் உதவவில்லை. சங்கத்தின் சட்டதிட்டம் இருந்த இடத்தில் பணம் ஒழுங்காக நின்றது. அன்பின்பேரில் கைமாற்றாக வந்த இடத்தில் எழுத்து இல்லாமல் போயிற்று. கேள்வி கேட்பது அவமதிப்பு என்று வ.உ.சி. நினைத்துப் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பணம் என்னவாகியிருக்குமோ. கேட்டதால் காந்தியின் பெயருக்கும் களங்கம் இல்லாமல் போயிற்று. கணக்குக் கேட்கப்படாத பொருளாளருக்கு, பதவியை விட்டு இறங்கிய மறுநாள் வரும் வதந்தியை மறுக்க ஆதாரம் இருக்காது. ஐந்து ஆண்டு உழைத்துவிட்டு, காப்பிக்கடையில் நாலு பேர் பேசும் பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாமல் ஊர்க் காரியத்தையே விட்டு ஒதுங்கியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆண்டுதோறும் கறாராகக் கேட்டிருந்தால் அவர்கள் தப்பித்திருப்பார்கள்.

மானியத்துக்கும் கணக்கு உண்டே, அரசு அலுவலகம் நம்மைவிடக் கடுமையாக ரசீது கேட்கிறதே என்பது மூன்றாவது ஆட்சேபம். உண்மைதான். அந்தக் கணக்கு மேலே போகிறது. எந்தச் செலவுக்குக் கொடுத்தோமோ அந்தச் செலவு நடந்ததா, படம் இருக்கிறதா, பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று அலுவலகம் பார்க்கும். அந்த நிகழ்ச்சி நமக்குத் தேவைதானா என்று அது கேட்காது. அது கேட்க வேண்டிய கேள்வியும் இல்லை. மானியத்தில் கோலப் போட்டி நடத்தியதற்குக் குறையில்லாத கணக்கு இருக்கும். படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு நடத்தாதது எந்தக் கணக்கிலும் வராது. அதைக் கேட்கக்கூடியவர் சந்தா கட்டிய தகப்பனார். மானியம் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நம் வரிப்பணம் அது, கூச்சமில்லாமல் கேட்டு வாங்குங்கள். சங்கத்தின் அன்றாடச் செலவை, வாடகை, மின்கட்டணம், கடிதம், கூட்டத் தேநீர் ஆகியவற்றை, மானியத்தில் ஓட்டாதீர்கள். அவை சந்தாவுக்குள் அடங்கட்டும். அடங்கவில்லை என்றால் செலவைக் குறையுங்கள், அல்லது உறுப்பினரைச் சேருங்கள். தேர்தல் முடிந்து ஆள் மாறினால் மானியம் நின்றுபோகலாம். சங்கம் அதோடு நிற்கக்கூடாது.

கடைசியாக, கைபேசி. இனி வீடு வீடாகப் போக வேண்டியதில்லை, கியூஆர் குறியீட்டை வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் டூயிட்நவ் வழியாகப் பணம் வந்துவிடும் என்கிறார்கள் இளைஞர்கள். வரும். துவாஸில் இரவு வேலையில் இருப்பவரும் ஒரு நிமிடத்தில் கட்டிவிடலாம்; இதை வேண்டாம் என்பது மடமை. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, அந்தக் குறியீடு சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குரியதாக இருக்க வேண்டும். புதிய நிர்வாகம் வந்ததும் வங்கியில் கையெழுத்து மாற்ற, பதிவிலாகா ஆவணம், கூட்டக் குறிப்பு, அமைப்பு விதி என்று அலைய வேண்டியிருப்பதால், “இப்போதைக்கு என் கணக்கில் போடுங்கள்” என்று பொருளாளர் சொல்வது பரவலாக நடக்கிறது. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். அந்த ‘இப்போதைக்கு’ இரண்டு ஆண்டு நீடிக்கும். அவர் சம்பளமும் மகளின் கல்விக்கடனும் சங்கத்தின் சந்தாவும் ஒரே பட்டியலில் கலந்துவிடும். அந்த அறிக்கையைக் கணக்காய்வாளரிடம் காட்ட அவரே கூசுவார். இன்னொன்று, கைபேசியில் வரும் பணம் பேசாது. வாசலில் கேட்கப்பட்ட கேள்விகள் நின்றுவிடும். அதற்கு ஈடாகப் பொருளாளர் வேறொரு வாசலைத் திறக்க வேண்டியிருக்கிறது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு, செலவு, கைவசம் இருப்பு, வங்கி இருப்பு ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி அதே குழுவில் போடுவது. தீபாவளி வாழ்த்துப் படங்களுக்கு நடுவே அது கொஞ்சம் வறட்சியாகத் தெரியும், பரவாயில்லை.

பணம் கட்டவே முடியாத நிலையில் இருக்கும் உறுப்பினரை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வேலை போனவர், நோயில் படுத்தவர், தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாய். செயலவை இரக்கப்பட்டு, “உங்களுக்குச் சந்தா வேண்டாம்” என்று தள்ளுபடி செய்வதுதான் வழக்கம். செய்கிறவர்களுக்கு அது கருணை. வாங்குகிறவருக்கு, அன்று முதல் அவர் உறுப்பினர் அல்லர், உதவி பெறுபவர். அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க அவருக்கு நா எழாது. அதனால் தள்ளுபடிக்குப் பதில், அமைப்பு விதியிலேயே ஒரு குறைந்த சந்தாவை, ஆண்டுக்கு ஒரு வெள்ளி என்றாலும் சரி, எழுதி வையுங்கள். அதற்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே ரசீது, அதே வரிசை எண். யார் எவ்வளவு கட்டினார் என்பது பொருளாளருக்கும் இரண்டு கணக்காய்வாளர்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பொதுக்கூட்டத்தில் வாசிக்கும் பட்டியலில் எல்லோருடைய பெயருக்கும் எதிரே ஒரே சொல் இருக்கட்டும்: கட்டியவர். அந்தப் பட்டியலையும் கணக்கறிக்கையையும் சிறப்பு விருந்தினர் பேசி முடித்து, பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்த பிறகு வாசிக்காமல், கூட்டத்தின் முதல் அங்கமாக வையுங்கள். விருந்தினர் கொஞ்சம் காத்திருக்கட்டும்.